நிக் டிரேக்: புதிதாகக் கேட்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிக் டிரேக் பாட்டை யாருக்காவது போட்டுக் காட்டினால் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும். யார் இவர், இப்போது இருக்கிறாரா, எப்படிச் செத்தார்? அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னதும் கேட்பவரின் முகம் மாறிவிடும். அதன் பிறகு எந்தப் பாட்டைப் போட்டாலும் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலவே கேட்பார்கள். எனக்கே அப்படித்தான் நடந்தது. நண்பன் ஒருவன் கதையை முதலில் சொல்லிவிட்டு ஹெட்போனை அப்புறம்தான் காதில் மாட்டினான். அந்தப் பாடல்களை வெறும் பாடல்களாகக் கேட்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதனால் இங்கே சாவைப் பற்றிய கேள்வியை அதன் இடத்தில், பின்னால் வைத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் இவர்?

தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிதார் வாசித்துக்கொண்டே பாடிய ஆங்கிலேயர். 1948 ஜூன் 19 அன்று பிறந்தார். 1974 நவம்பர் 25 அன்று, 26 வயதில் இறந்தார். மூன்றே ஆல்பங்கள்: 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' 1969-லும், 'பிரைட்டர் லேட்டர்' 1971-லும், 'பிங்க் மூன்' 1972-லும் வந்தன. மூன்றிலும் சேர்த்து 31 உருப்படிகள். வந்த காலத்தில் எந்த ஆல்பமும் 5,000 பிரதிகள்கூட விற்கவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று கிதார் எடுத்துத் தனியாகப் பாட உட்காரும் இளைஞர்களில் பாதிப் பேர் இவரைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

ரங்கூனில் பிறந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அப்பா ராட்னி டிரேக் பொறியாளர். பர்மாவில் தேக்கு மரம் வெட்டி வியாபாரம் செய்த பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார். இந்த கம்பெனியின் பெயரைத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் எங்கோ கேட்டதுபோல உணர்ந்தால் ஆச்சரியமில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் காட்டைக் குத்தகைக்கு எடுத்து மாஞ்சோலையில் தேயிலை போட்டது இதே கம்பெனிதான். 1885-ல் பிரிட்டிஷார் மேல் பர்மா மீது படையெடுக்கக் காரணமாகக் காட்டிய தகராறும் இந்த கம்பெனியின் தேக்குத் தகராறுதான்.

1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது குடும்பம் இந்தியாவுக்குத் தப்பி வந்தது. அக்கா கேப்ரியல் 1944-ல் லாகூரில் பிறந்தார். போர் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். பர்மா சுதந்திரம் பெற்று ஐந்து மாதம் கழித்து ரங்கூனில் நிக் பிறந்தார். கொஞ்ச காலம் பம்பாயில் இருந்துவிட்டு, 1950-களின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் மாவட்டத்தில் டான்வொர்த் இன் ஆர்டன் என்ற கிராமத்தில் குடியேறியது. 'ஃபார் லேஸ்' என்பது வீட்டின் பெயர். வசதியான வீடு, பெரிய தோட்டம், பர்மாவிலிருந்து கூடவே வந்த ஆயா. வறுமையில் வாடிய கலைஞன் என்ற கதை இவருக்குப் பொருந்தாது.

அவர் அம்மாவும் பாட்டு எழுதுவாராமே?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்கவேண்டும் என்பது என் ஆசை. மாலி டிரேக் பியானோ வாசிப்பார், கவிதை எழுதுவார், பாட்டும் கட்டுவார். போர்க்காலத்தில் டெல்லியில் இருந்தபோது சகோதரி நான்சியோடு சேர்ந்து அகில இந்திய வானொலியில் பாடினார். இங்கிலாந்து வந்தபிறகு வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து அவர் பாடியதை ராட்னி 1950-களில் வீட்டிலேயே டேப்பில் பதிவு செய்து வைத்தார். வெளியே யாருக்கும் தெரியாது. மகன் இறந்து பல்லாண்டு கழித்து, மாலியும் 1993-ல் போனபிறகு, அந்தப் பாடல்கள் 2013-ல் ஆல்பமாக வந்தன.

போட்டுப் பாருங்கள். மகனுடைய பாட்டில் நாம் 'நிக் டிரேக் பாணி' என்று நினைத்தது, அதாவது சந்தோஷமான வரியின் அடியில் ஒரு வருத்தச் சுரத்தை வைப்பது, வரி முடியவேண்டிய இடத்தில் முடியாமல் மெட்டை வளைத்துவிடுவது, எல்லாம் அங்கே இருக்கிறது. சோகம் வியாதியிலிருந்து வந்தது என்று எழுதுகிறவர்கள் அம்மாவின் பியானோவைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அதில் பெரும்பகுதி வீட்டுச் சொத்து.

படிப்பு, பள்ளி?

மார்ல்பரோ கல்லூரி என்ற பெரிய உறைவிடப் பள்ளி. பியானோ, கிளாரினெட், சாக்ஸஃபோன் மூன்றும் வாசித்தார். கூச்ச சுபாவமுள்ள ஒல்லிப் பையன் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். நல்ல உயரம், ரக்பி ஆடினார், 100 கஜ ஓட்டத்தில் பள்ளிச் சாதனை வைத்திருந்தார். 1965-ல் 13 பவுண்டு கொடுத்து முதல் கிதாரை வாங்கினார். 1967-ல் சில மாதம் தெற்கு பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்தில் தங்கி, தெருவோரங்களிலும் வாசித்துப் பழகினார். அதே வருடம் அக்டோபரில் ஆங்கில இலக்கியம் படிக்கக் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் வாங்க ஒன்பது மாதம் இருக்கும்போது விட்டுவிட்டு லண்டன் போய்விட்டார். ராட்னி கடிதம் எழுதித் தடுக்கப் பார்த்தார். எந்த அப்பாதான் எழுதமாட்டார்?

யார் கண்டுபிடித்தார்கள்?

கேம்பிரிட்ஜ் வந்து சில மாதங்களிலேயே லண்டனின் ரவுண்ட்ஹவுஸ் அரங்கத்தில் ஒரு நிகழ்ச்சியில் பாடினார். 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' குழுவில் பேஸ் கிதார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் அதைக் கேட்டார். அந்தக் குழுவின் தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் போன் நம்பரைக் கொடுத்தார். பாய்ட் அமெரிக்கர், அப்போது 25 வயதுதான். நிக் கொண்டுவந்து கொடுத்த டேப்பில் இருந்த சில பாட்டுகளைக் கேட்டதும் ஒப்பந்தம் போட்டுவிட்டார். பாய்டின் கம்பெனி விட்ச்சீசன், வெளியிட்டது ஐலண்ட் ரெக்கார்ட்ஸ். பதிவு செய்தது செல்சி பகுதியில் சவுண்ட் டெக்னிக்ஸ் என்ற ஸ்டுடியோவில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட். மூன்று ஆல்பத்திலும் இந்த ஜான் வுட்டின் கை இருக்கிறது. நிக்கின் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுவதுபோல இருப்பதற்கு அவருக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' என்றால் ஐந்து இலைகள் மிச்சம் என்று அர்த்தமா? ஐந்து வருடத்தில் செத்துவிட்டாரே!

இதைக் கேட்காதவர்கள் இல்லை. அந்தக் காலத்து ரிஸ்லா சிகரெட் சுருட்டும் தாள் கட்டில், தாள் தீரப்போகும்போது 'இன்னும் ஐந்து தாள்தான் இருக்கிறது' என்று அச்சடித்த ஒரு சீட்டு வரும். அதுதான் பெயர். 21 வயதுப் பையன் வைத்த கிண்டலான பெயர். தீர்க்கதரிசனம் எதுவும் இல்லை. 1969-ல் வெளிவந்து, 1974-ல் அவர் போனார் என்ற கணக்கை நாம்தான் பின்னாலிருந்து போட்டுக்கொண்டோம்.

'ரிவர் மேன்' பாட்டை ஏன் எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்?

கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தாளம். மேற்கத்தியப் பாட்டு பெரும்பாலும் நான்கில் போகும், இல்லாவிட்டால் மூன்றில். இது ஐந்தில் போகிறது. கண்டசாபு கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை. தொடையில் தட்டிப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும். ஆனால் ஐந்து என்பதை அவர் எங்கும் காட்டிக்கொள்வதில்லை. டிரம்ஸ் கிடையாது. கிதார் மட்டும் ஆற்றுத் தண்ணீர்போல ஓடிக்கொண்டே இருக்கும். குரலோ தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால், அவசரமே இல்லாமல் வரும். கையும் வாயும் வேறு வேறு ஆட்களுடையவை என்று தோன்றும்.

அப்புறம் தந்தி வாத்தியங்கள். இந்தப் பாட்டு வரும் முதல் ஆல்பத்துக்கு, ஆரம்பத்தில் அனுபவமுள்ள ஒரு இசை ஒருங்கமைப்பாளரை பாய்ட் ஏற்பாடு செய்தார். நிக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். கேம்பிரிட்ஜில் இசை படித்துக்கொண்டிருந்த நண்பர் ராபர்ட் கிர்பியைக் கொண்டுவரலாம் என்றார். முதல் ஆல்பம் போட வந்த மாணவன், தன் வயதுள்ள இன்னொரு மாணவனைச் சிபாரிசு செய்கிறான்! பாய்டும் சரி என்றார். கிர்பி எழுதியதைக் கேட்டதும் ஸ்டுடியோவில் யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை. 'வே டு ப்ளூ' என்ற பாட்டில் நிக் கிதாரையே கீழே வைத்துவிட்டு, கிர்பியின் தந்தி இசையோடு மட்டும் பாடியிருக்கிறார். ஆனால் 'ரிவர் மேன்' தன்னால் முடியாது என்று கிர்பியே ஒதுங்கிக்கொண்டார். சினிமாவுக்கு இசை எழுதிய மூத்தவர் ஹாரி ராபின்சன் அதைச் செய்தார். வயலின்கள் எங்கே நுழைகின்றன என்று கவனியுங்கள். முதல் தடவை கேட்கும்போது உள்ளே வந்ததே தெரியாது. திடீரென்று அறை முழுக்க மூடுபனி நிற்கும்.

அவர் கிதார் ட்யூனிங் என்ன? என்னால் அந்த ஓசையை வரவழைக்கவே முடியவில்லை.

ஒரே ட்யூனிங் இல்லை. பாட்டுக்கு ஒன்று என்றுகூடச் சொல்லலாம். 'ரிவர் மேன்' வழக்கமான சுருதியிலேயே இருக்கிறது. 'பிங்க் மூன்' பாட்டில் தடித்த தந்தியை இரண்டு முழுச் சுரம் கீழே இறக்கி, மற்றதையும் மாற்றி, கிதார் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியையும் போட்டிருக்கிறார். தந்தி தளர்ந்திருப்பதால் ஒரு கனம் கிடைக்கும். கட்டை விரல் அடித்தந்தியில் தனியாக ஒரு தாளம் போடும், மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும். எதையும் எழுதி வைக்கவில்லை. இன்று நமக்குக் கிடைக்கும் ட்யூனிங் பட்டியல்கள் எல்லாம் ரசிகர்கள் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடித்தவை.

ட்யூனிங்கைச் சரியாக வைத்தும் ஓசை வரவில்லை என்றால் கட்டை விரலைப் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். ஸ்டுடியோவில் எத்தனை தடவை வாசித்தாலும் அவர் விரல் தடுமாறாது என்பது அவரோடு வேலை செய்தவர்கள் ஒரே குரலில் சொல்வது. ஒரு நாளில் வருகிற விஷயமில்லை. அறையைச் சாத்திக்கொண்டு ஒரே பகுதியை மணிக்கணக்கில் வாசிப்பார் என்கிறார்கள். நம் ஊர் வித்வான்கள் வீட்டில் இதைச் சாதகம் என்பார்கள். அவர் ஊரில் 'தனிமை விரும்பி' என்று எழுதிவிட்டார்கள்.

இரண்டாவது ஆல்பம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

விற்கவேண்டும் என்ற ஆசைதான். டிரம்ஸ், பேஸ், பித்தளை வாத்தியங்கள், பின்னணிப் பாடகிகள் எல்லாம் சேர்ந்தன. 'புவர் பாய்' பாட்டில் டோரிஸ் டிராயும் பி.பி. ஆர்னால்டும் பின்னால் பாடுகிறார்கள். பாட்டின் நாயகன் தன்னைப் பார்த்துத் தானே பரிதாபப்பட, அவர்கள் அவனைச் செல்லமாகக் கிண்டல் செய்கிறார்கள். இவருக்கு நகைச்சுவை இல்லை என்பவர்களுக்கு இந்த ஒரு பாட்டு போதும். 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவில் இருந்த ஜான் கேல் இரண்டு பாட்டில் வாசித்தார். அதில் ஒன்று 'நார்தர்ன் ஸ்கை'. செலஸ்டா என்ற சிறு மணி ஒலிக்கும் வாத்தியத்தையும் பியானோவையும் அவர் வாசித்திருக்கிறார். காதல் பாட்டுகளில் இதற்கு மேல் எனக்குத் தெரிந்து ஒன்றிரண்டுதான் இருக்கும். பாட்டே இல்லாத மூன்று வாத்திய உருப்படிகளும் இந்த ஆல்பத்தில் உண்டு. அவை வேண்டும் என்பது நிக்கின் பிடிவாதம். என்னைக் கேட்டால் மூன்றில் ஒன்று போதும்.

இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் விற்கவில்லை?

'உலகம் அவரைப் புரிந்துகொள்ளவில்லை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். காரணங்கள் ரொம்ப சாதாரணமானவை. அவர் இருந்த காலத்தில் தனிப்பாட்டாக எதுவும் பிரபலமாகவில்லை, அதனால் ரேடியோவில் ஓடவில்லை. 1969-ல் பி.பி.சி.யில் ஜான் பீல் நிகழ்ச்சிக்குக் கொடுத்ததுபோல ஓரிரு பதிவுகள், அவ்வளவுதான். பத்திரிகைப் பேட்டி என்று அச்சில் இருப்பது ஒன்றே ஒன்று: 1971 மார்ச்சில் 'சவுண்ட்ஸ்' பத்திரிகைக்கு ஜெரி கில்பர்ட் எடுத்தது. அதிலும் அரைகுறை வாக்கியங்கள்தான். இதற்கெல்லாம் மேல் மேடை.

மேடையில் என்ன நடந்தது?

ட்யூனிங் விஷயத்தை மேலே சொன்னேன் இல்லையா? ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கிதாரை முழுக்க மாற்றிச் சுருதி சேர்க்கவேண்டும். அது நிமிடக்கணக்கில் ஆகும். மற்ற பாடகர்கள் அந்த நேரத்தில் ஜோக் அடிப்பார்கள், கதை சொல்வார்கள். இவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், தலையையும் நிமிர்த்தமாட்டார். 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் கச்சேரிக்கு முன்னால் பாடியபோது சபை நிசப்தமாகக் கேட்டது, எடுபட்டது. ஆனால் பீர் குடித்துக்கொண்டு கூடச் சேர்ந்து பாட வந்த கிளப் கூட்டத்தில் அது எடுபடுமா? பேச்சுச் சத்தத்தில் கிதாரே கேட்காது. 1970 ஜூனில் சரே மாவட்டத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பாடிக்கொண்டிருந்தவர் 'ஃப்ரூட் ட்ரீ' பாட்டின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். அதன்பிறகு மேடை ஏறவில்லை.

'பிங்க் மூன்' டேப்பை ஐலண்ட் ஆபீஸ் வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாராமே?

அழகான கதை. நடந்தது அப்படியில்லை. டேப்பை ஐலண்ட் முதலாளி கிறிஸ் பிளாக்வெல்லிடம் தன் கையாலேயே கொடுத்தார்.

உண்மையில் நடந்தது அந்தக் கட்டுக்கதையைவிட நன்றாக இருக்கிறது. 1971 தொடக்கத்தில் பாய்ட் தன் கம்பெனியை ஐலண்டுக்கு விற்றுவிட்டு அமெரிக்கா போய்விட்டார். அக்டோபரில் நிக்கே ஜான் வுட்டைக் கூப்பிட்டு, பதிவு செய்யவேண்டும் என்றார். பகலில் ஸ்டுடியோவுக்கு வேறு ஆட்கள் பேசிவைத்திருந்தார்கள். அதனால் இரவு பதினொரு மணிக்கு மேல், இரண்டே இரவில், இருவர் மட்டும் உட்கார்ந்து முடித்தார்கள். குரல், கிதார். தலைப்புப் பாட்டில் மட்டும் பியானோவில் சில சுரங்களைப் பின்னால் சேர்த்தார். வேறு வாத்தியங்களை எப்போது சேர்க்கப் போகிறோம் என்று வுட் கேட்டதற்கு, வேண்டாம், இது போதும் என்றார். மொத்தம் 11 உருப்படிகள், 28 நிமிடம்.

உடைந்துபோனவன் கிறுக்கியது என்று இந்த ஆல்பத்தைச் சொல்வார்கள். இரண்டு இரவில் 11 உருப்படிகளைத் தடுமாறாமல் வாசித்து, எதைச் சேர்க்கவேண்டும், எதை விடவேண்டும் என்று தானே முடிவெடுத்த ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அப்போது அவருக்கு உடம்பும் மனசும் சரியில்லை என்பது உண்மை. கை சரியாக இருந்தது என்பதும் உண்மை.

என்ன நோய்?

மனச்சோர்வு நோய். 1971-க்குள்ளேயே மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார், தயக்கத்தோடுதான். 1972-ல் ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தார். லண்டனில் தனியாக இருக்க முடியாமல் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவிட்டார். ஐலண்ட் வாரம் 20 பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வேலைக்குப் பயிற்சி எடுக்கப் போய்ச் சில நாளில் திரும்பினார். காரை எடுத்துக்கொண்டு இலக்கில்லாமல் ஓட்டிப் போவார். பெட்ரோல் தீர்ந்து நின்றதும் வீட்டுக்குப் போன் செய்வார், ராட்னி போய்க் கூட்டி வருவார். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகனைவிட அப்பாவின் ஞாபகம்தான் அதிகம் வரும். எந்த ஊரிலிருந்து போன் வந்தாலும் ஒன்றும் கேட்காமல் கிளம்பிப்போகிற மனிதர்.

1974-ல் மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்தார். கிதார் வாசித்துக்கொண்டே பாடுவது அவருக்கு இப்போது முடியவில்லை. கிதாரை முதலில் பதிவு செய்து, குரலைத் தனியாகச் சேர்த்தார்கள். 'பிளாக் ஐட் டாக்' உட்படச் சில பாட்டுகள் மிஞ்சின. நோயின் சத்தம் கேட்பது இங்கேதான், முதல் இரண்டு ஆல்பங்களில் அல்ல.

தற்கொலையா?

1974 நவம்பர் 25 அன்று தன் அறைப் படுக்கையில் இறந்து கிடந்தார். மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை அளவுக்கு மீறி உள்ளே போயிருந்தது. மரண விசாரணை அதிகாரி தற்கொலை என்று தீர்ப்பு எழுதினார். அந்தக் காலத்து மாத்திரைகளில் மருந்து அளவுக்கும் ஆபத்து அளவுக்கும் இடைவெளி குறைவு, தூக்கம் வராமல் கூடுதலாகப் போட்டிருக்கலாம் என்பது தெரிந்தவர்கள் சிலரின் கருத்து. கடைசி மாதங்களில் பாரிஸ் போய் வந்து, முன்னைவிடத் தெளிவாக இருந்தார் என்பதையும் சொல்கிறார்கள். குடும்பத்துக்குள்ளேயே ஒரே கருத்து இருந்ததில்லை. வெளியே இருந்து நாம் தீர்ப்புச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் சுமார் 50 பேர்.

27 வயதில் இறந்த பாடகர்கள் பட்டியலில் இவரும் உண்டா?

இல்லை. 26 வயது, ஐந்து மாதம்.

அப்படியானால் இப்போது எப்படி இவ்வளவு புகழ்?

இதற்கு ஒரு ஒப்பந்த வரிதான் முதல் காரணம் என்பேன். கம்பெனியை ஐலண்டுக்கு விற்றபோது பாய்ட் ஒரு நிபந்தனை வைத்தார்: நிக் டிரேக்கின் ஆல்பங்களை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் விற்காத ரெக்கார்டைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். இவருடையது கடையில் இருந்துகொண்டே இருந்தது. வருடத்துக்குச் சில நூறு பேர் வாங்கினாலும் வாங்கியவர்களில் நிறையப் பேர் பாடகர்கள்.

சக கலைஞர்களுக்கு உயிரோடு இருந்தபோதே தெரியும். அப்போது இன்னும் பெயர் வாங்காத எல்டன் ஜான், 1970-ல் பாடல் பதிப்பகத்தின் மாதிரிப் பதிவுக்காக இவருடைய சில பாட்டுகளைப் பாடிக் கொடுத்திருக்கிறார். ஜமைக்கா பாடகி மில்லி ஸ்மால் அதே ஆண்டில் 'மேஃபேர்' பாடினார். நண்பர் ஜான் மார்ட்டின் 1973-ல் இவரை நினைத்து 'சாலிட் ஏர்' எழுதினார். இறந்தபின் 1979-ல் மூன்று ஆல்பமும் 'ஃப்ரூட் ட்ரீ' என்ற பெயரில் ஒரே பெட்டியாக வந்தன. 1985-ல் 'ட்ரீம் அகாடமி' குழு தங்கள் பெரிய ஹிட்டான 'லைஃப் இன் எ நார்தர்ன் டவுன்' பாட்டை இவருக்கு அர்ப்பணித்தது. அப்போதுதான் பெரிய கூட்டம் 'யார் இது' என்று திரும்பிப் பார்த்தது.

கார் விளம்பரத்தால்தான் பிரபலமானார் என்கிறார்களே? கேவலமாக இல்லையா?

1999-ன் கடைசியில் அமெரிக்காவில் வந்த ஃபோக்ஸ்வேகன் விளம்பரம் அது. நிலா வெளிச்சத்தில் திறந்த காரில் நான்கு பேர் போகிறார்கள். ஒரு பார்ட்டி நடக்கும் வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, இறங்காமலே திரும்பி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பேச்சே கிடையாது, பின்னணியில் 'பிங்க் மூன்' மட்டும். அதன்பிறகு சில மாதத்தில் விற்ற பிரதிகள், அதற்கு முந்தைய முப்பது வருட விற்பனையைத் தாண்டின என்பார்கள்.

எனக்கு அது கேவலமாகப் படவில்லை. ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்தப் பாட்டைக் கேட்க வைத்தார்கள். கிளப் கூட்டம் அவருக்குக் கொடுக்காதது அதுதானே?

'ஃப்ரூட் ட்ரீ' பாட்டில் தன் சாவை முன்கூட்டியே சொல்லிவிட்டாரே?

புகழ் என்பது பழமரம், நீ மண்ணுக்குள் போனபிறகுதான் செழிக்கும் என்ற பொருளில் போகும் பாட்டு. இருபது வயதில் எழுதியது. ஆங்கிலக் கவிதை படித்துக்கொண்டிருந்த மாணவர், இளம் வயதில் போய்ப் பிறகு புகழ்பெற்ற கவிஞர்களைப் பாடத்திலேயே வைத்திருந்தவர். அந்த வயதில் கவிதை எழுதும் யார் நோட்டைப் புரட்டினாலும் இப்படி இரண்டு பக்கம் இருக்கும். பலித்துவிட்டது என்பதால் தீர்க்கதரிசனம் ஆகிவிட்டது. அதே காலத்தில் சனிக்கிழமை வெயிலைப் பற்றியும் எழுதினார். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

வீடியோ ஏதாவது கிடைக்குமா?

அவர் பாடும் வீடியோ கிடையாது. சின்ன வயதில் கடற்கரையில் விளையாடும் வீட்டுப் படச்சுருள் மட்டும் உண்டு. யூடியூபில் 'நேரடி நிகழ்ச்சி' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள், பதிவின் மேல் புகைப்படத்தை ஒட்டியிருப்பார்கள். நல்ல புகைப்படங்கள் பெரும்பாலும் கீத் மாரிஸ் எடுத்தவை. முதல் ஆல்பத்தின் பின்னட்டையைப் பாருங்கள்: நிக் சுவரில் சாய்ந்து நிற்கிறார், ஒரு ஆள் கலங்கலாக அவரைத் தாண்டி ஓடுகிறான். வேலை முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவனாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கல்லறை எங்கே?

டான்வொர்த் இன் ஆர்டன் கிராமத்து மேரி மக்தலேன் தேவாலயத்தில், ஒரு ஓக் மரத்தடியில் அஸ்தி புதைக்கப்பட்டிருக்கிறது. அதே கல்லில் பெற்றோரின் பெயர்களும் இருக்கின்றன. கல்லின் பின்பக்கம் 'பிங்க் மூன்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டிலிருந்து ஒரு வரி: இப்போது நாங்கள் எழுகிறோம், எங்கெங்கும் இருக்கிறோம் என்ற பொருளில். விடியலைப் பற்றிய சந்தோஷமான பாட்டு. ரசிகர்கள் கிதார் வாசிக்கும் சில்லுகளை வைத்துவிட்டுப் போவார்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

'பிங்க் மூன்' ஆல்பத்திலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் கையில் கொடுப்பார்கள். 'நார்தர்ன் ஸ்கை' ஒருமுறை, 'ரிவர் மேன்' இரண்டுமுறை. அப்புறம் 'செல்லோ சாங்'. அதில் செல்லோவையும் கொங்கா தாளத்தையும் விட்டுவிட்டு கட்டை விரலை மட்டும் கவனியுங்கள். பிடித்துவிட்டால் முதல் ஆல்பத்தை முழுசாக, பிறகு இரண்டாவது. நடுவே ஒருநாள் மாலி டிரேக்கைக் கேளுங்கள். அதற்கப்புறம் 'பிங்க் மூன்'. மூன்று ஆல்பமும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள்தான். மழை நாளில் கேட்கச் சொல்வார்கள், தேவையில்லை. நான் கேட்பது பெரும்பாலும் காலையில், காபி போடும்போது.